செவிக்குத் துணை

காது மந்தமான அங்கத்தினருக்கு உதவும் கருவிகளைப் பற்றிய ஒரு பாடம்



திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கார்த்திகைத் தீபத்தைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில், மாலை ஆறு மணிக்கு, கொப்பரையில் நெய் நிரப்பிக் காடாத் துணியைத் திரியாக இட்டு ஏற்றும் சுடர், கீழே நிற்கும் இலட்சக்கணக்கான மக்களுக்கு ஒரே நேரத்தில் தெரிகின்றது. பல கல் தொலைவிலுள்ள சிற்றூர் மக்களும் தம் வீட்டு வாசலில் நின்று அதைக் காண்கின்றனர். ஆனால் அதே வேளையில், அக்கூட்டத்தில் நம் தோளோடு தோள் உரசி நிற்பவர் ஒரு சொல் சொன்னால், அது நம் காதில் விழுவதில்லை.

இது ஏன் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். அதே சுடரை அதே கொப்பரையில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஏற்றினால், மாலையில் தெரிவது போலத் தெரியுமா? தெரியாது. அதனால் சுடரின் ஒளி குறைந்துவிட்டது என்று பொருளன்று. சுற்றிலும் வெயில் மிகுந்திருப்பதால் சுடர் அதில் மறைந்து போகின்றது. விளக்குக்கு இருள் எப்படியோ, சொல்லுக்கு அமைதி அப்படி. விளக்கைப் பெரிதாக்குவது ஒரு வழி. வெயிலை விலக்குவது மற்றொரு வழி. காது மந்தமானவர்களுக்கு உதவும் கருவிகள் அனைத்தும் இவ்விரு வழிகளுள் அடங்கும். இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

கை உயர்ந்தது, வாக்கு விழவில்லை

கூட்டுறவு ஏட்டில் காதைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம்.

நெசவாளர் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூலியிலிருந்து பங்குத் தொகைக்காகப் பிடிக்கும் அளவை உயர்த்துவது பற்றிய தீர்மானம் முறைப்படி படிக்கப்பட்டது. ஒலிபெருக்கி இருந்தது, மின்விசிறிகளும் சுழன்றுகொண்டிருந்தன. நாற்பது ஆண்டுகள் தறியில் உழைத்த முதியவர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் கை உயர்த்தினார்கள், அவரும் உயர்த்தினார். அடுத்த மாதம் கூலியில் பிடித்தம் கூடியிருப்பதைக் கண்டதும் அலுவலகத்திற்கு வந்து, “என்னைக் கேட்காமல் எப்படி ஐயா பிடித்தீர்கள்?” என்று வினவினார். குறிப்பேட்டில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகப் பதிவாகியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினார்.

அங்கே எவரும் விதியை மீறவில்லை. எவரும் அவரை ஏமாற்றவும் இல்லை. ஆயினும் அவர் கையைத்தான் உயர்த்தினார், வாக்களிக்கவில்லை. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ரோச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் தம் சங்கத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, முதல் எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதே நம் இயக்கத்தின் உயிர்நிலைக் கொள்கைகளுள் ஒன்றாக இருந்து வருகின்றது. கேட்டு, எண்ணிப் பார்த்து, பிறகு அளிப்பதே வாக்கு. கேளாமல் உயரும் கை அண்டை வீட்டாரின் வாக்குக்கு நிழலே ஆகும்.

இத்தகைய அங்கத்தினர் ஒருவர் இருவர் மட்டும் அல்லர். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஓரளவேனும் கேட்கும் திறன் குறைந்திருக்கின்றது. அவர்களுள் 43 கோடிப் பேர்க்கு உதவியும் பயிற்சியும் தேவைப்படுகின்றன. வயது ஏற ஏறக் கேட்கும் திறன் குறைவதால், மூத்த அங்கத்தினர் மிகுந்த சங்கங்களில் இக்குறை மிகுதியாக இருப்பது இயல்பே.

காது எவ்வாறு கேட்கின்றது?

காற்றில் அலையாக வரும் ஒலி, புறச்செவியின் வழியே சென்று செவிப்பறையில் மோதுகின்றது. செவிப்பறையின் அதிர்வை மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தை ஓட்டைப் போல் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக அமைந்துள்ளன. அவையே அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

காது கேளாமை இரு வகைப்படும். குறும்பி அடைத்துக்கொள்ளுதல், சீழ் வடிதல், செவிப்பறையில் துளை விழுதல், சிற்றெலும்புகள் இறுகுதல் ஆகியவற்றால் ஒலி உள்ளே செல்வது தடைப்படுவது முதல் வகை. இதனைப் பெரும்பாலும் மருந்தாலோ அறுவை மருத்துவத்தாலோ சரிப்படுத்த இயலும். மயிர்க்கலங்களோ நரம்போ கெடுவது இரண்டாம் வகை. மனிதருக்கு அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையாலும் இரைச்சலாலும் வரும் கேளாமை இவ்வகையைச் சார்ந்தது. ஆதலால் காது மந்தம் என்று அறிந்தவுடன் கருவி வாங்க ஓடுதல் கூடாது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். சுட்ட எண்ணெய் ஊற்றுவதும், குச்சியால் குடைவதும் இருக்கும் செவியையும் கெடுக்கும்.

இரண்டாம் வகைக் கேளாமையில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலும் கீச்சென்ற மேல் ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகின்றது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியிலும் வலிமையாகவும் உள்ளன. க, ச, த, ப போன்ற மெய்யொலிகளை வேறுபடுத்திக் காட்டும் கூறுகளோ மேல் சுருதியிலும் மெலிவாகவும் உள்ளன. இதனால் ‘பட்டு’ என்றாலும் ‘தட்டு’ என்றாலும் ‘கட்டு’ என்றாலும் அவர் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். “சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்று முதியவர்கள் கூறுவதன் பொருள் இதுவே. நம் தொழிலின் மொழியில் சொன்னால், உயிரொலி பாவு, மெய்யொலி ஊடை. பாவு முழுவதும் இருந்தும் ஊடை அறுந்தால் துணி ஏது?

இவர்களிடம் உரக்கக் கத்துவதால் பயன் இல்லை என்பதும் இதனால் விளங்கும். கத்தும்போது உயிரொலிகளே மேலும் ஓங்குகின்றன, தெளிவு கூடுவதில்லை. மேலும், இவ்வகைக் குறையுள்ள காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் மிகை ஒலியோ மற்றவர்களுக்குப் போலவே வலிக்கும். “மெதுவாகச் சொன்னால் கேட்கவில்லை என்கிறார்; உரக்கச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்று சினக்கிறார்” என்று வீட்டார் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. அது முதியவரின் குணக்கேடு அன்று, காதின் இயல்பு.

காதொலிக் கருவி

பழங்காலத்தில் கொம்பு போன்ற குழலைக் காதில் வைத்துக் கேட்டனர். பிறகு மின்சாரக் கருவிகளும், அவற்றின்பின் வெற்றிடக் குழாய்க் கருவிகளும் வந்தன. 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அச்சிறு பொருள் மக்கள் வாங்கும் பண்டங்களில் முதன்முதல் இடம்பெற்றவற்றுள் காதொலிக் கருவியும் ஒன்று. அது 1952, 1953-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. சட்டைப் பையில் பெட்டியும் காதில் கம்பியுமாக இருந்த கருவி, இன்று காதின் பின்புறம் ஒரு மொச்சைக்கொட்டை அளவில் அடங்கிவிட்டது.

கருவியின் உறுப்புகள் நான்கு. ஒலியை வாங்கும் மைக், அதைப் பெருக்கும் மின்சுற்று, பெருக்கிய ஒலியைக் காதினுள் விடும் சிறு ஒலிபெருக்கி, இவற்றுக்கு ஆற்றல் தரும் மின்கலம் என்பன அவை. இன்றைய எண்முறைக் கருவிகள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. எந்தச் சுருதியில் எவ்வளவு குறை என்று செவித்திறன் சோதனையில் கண்டு, அவ்வளவுக்கு மட்டும் பெருக்குமாறு வல்லுநர் அதனை அமைத்துத் தருகிறார். ஒருவருக்கு அமைத்த கருவி மற்றவருக்குப் பொருந்தாது. சோதனையின்றிச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் வாங்கும் மலிவுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒருசேரப் பெருக்கி, எஞ்சியிருக்கும் திறனுக்கும் கேடு விளைவிக்கலாம்.

கருவியைப் பேணும் முறையும் அறியத்தக்கது. பொத்தான் போன்ற துத்தநாகக் காற்று மின்கலத்தின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் காற்று உட்புகுந்து மின்கலம் வேலை செய்யத் தொடங்கும். உரித்த பின் ஓரிரு நிமிடம் வெளியில் வைத்துவிட்டுக் கருவியில் இடுவது நன்று. தாளை மீண்டும் ஒட்டினாலும் மின்கலம் பழைய நிலைக்குத் திரும்பாது. வியர்வையும் ஈரமும் கருவிக்குப் பகை. குளிக்கும்போதும், மழையில் வயலுக்குச் செல்லும்போதும் அதைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொருள் இட்ட சிறு பெட்டியில் வைக்க வேண்டும். காதில் பொருந்தும் அச்சு அளவாக இல்லாவிட்டால் ஒலி வெளியே கசிந்து மீண்டும் மைக்கில் புகுந்து, ‘கீ’ என்று கூவும். அப்போது கருவியைத் தூக்கி எறியாமல் அச்சைச் சரிபார்க்க வேண்டும்.

புதிதாக அணிபவர்க்கு முதல் சில வாரங்கள் தொல்லையாகவே இருக்கும். நெடுநாள் கேளாதிருந்த பாத்திர ஓசையும் காகிதச் சலசலப்பும் மூளைக்குப் புதியவை போலத் தோன்றும். நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டினால் பழகிவிடும். பழகுமுன்னரே பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் பலர்.

கருவி மட்டும் ஏன் போதவில்லை?

கருவி அணிந்தவர் வீட்டில் எதிரே அமர்ந்து பேசுபவரின் சொல்லை நன்கு கேட்கிறார். அவரே பேரவைக் கூட்டத்திற்கு வந்தால் மீண்டும் திகைக்கிறார். இதற்குக் காரணங்கள் மூன்று: தூரம், இரைச்சல், எதிரொலி.

திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபல் குறைகின்றது. ஒரு மீட்டர் தொலைவில் 60 டெசிபல் அளவுள்ள இயல்பான பேச்சு, இரண்டு மீட்டரில் 54 ஆகவும், நான்கில் 48 ஆகவும், எட்டில் 42 ஆகவும் தேய்கின்றது. மண்டபத்தினுள் சுவர்கள் ஒலியைத் திருப்புவதால் இவ்வளவு குறைவதில்லை. ஆனால் திரும்பி வரும் எதிரொலி ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல்லை ஏற்றிக் குழப்புகின்றது. இதனிடையே மின்விசிறியின் ஓசை, நாற்காலி இழுக்கும் ஓசை, பக்கத்துப் பேச்சு எல்லாம் சேர்கின்றன. கருவியின் மைக் காதருகே இருப்பதால், தொலைவிலுள்ள சொல்லையும் அருகிலுள்ள இரைச்சலையும் சேர்த்தே வாங்குகின்றது. நண்பகலில் விளக்கைப் பெரிதாக்கும்போது வெயிலையும் கூடவே பெரிதாக்கினால் என்ன பயன்?

கேட்கும் திறன் குறைந்த மாணவர்களுக்கு, ஆசிரியரின் பேச்சு இரைச்சலைக் காட்டிலும் 15 டெசிபல் அளவேனும் ஓங்கியிருக்க வேண்டும் என்பது வகுப்பறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. மண்டபத்து ஒலிபெருக்கியை முறுக்கி வைப்பதால் இது கிட்டிவிடாது. ஒலிபெருக்கியும் தொலைவில்தான் இருக்கின்றது. அதன் சத்தம் கூடக்கூட எதிரொலியும் கூடுகின்றது. மைக் செட் இருந்தும் கடைசி வரிசை முதியவருக்குத் தீர்மானம் விளங்காமற் போனது இதனால்தான்.

வாயருகே மைக், காதருகே சொல்

வழி என்ன? மைக்கைக் கேட்பவரின் காதருகே வைப்பதற்கு மாறாகப் பேசுபவரின் வாயருகே வைத்து, அங்கே வாங்கிய சொல்லை மண்டபத்துக் காற்றில் விடாமல் நேரே கேட்பவரின் காதில் சேர்ப்பதே வழி. கிணற்று நீரை மண் வாய்க்காலில் விட்டால் வழியிலேயே பாதி ஊறிப் போகும். மீதி சேற்றோடு வந்து சேரும். குழாய் வழியாக விட்டால் இறைத்த நீர் அப்படியே வேரடிக்குச் சேரும். செவித்துணைக் கருவிகள் எனப்படுபவை இக்குழாய்களே. அவற்றுள் முதன்மையானவற்றைக் காண்போம்.

1. கம்பிக் கருவி: சிறு பெட்டி, ஒரு மைக், காதில் அணியும் சிறு ஒலிபெருக்கி ஆகியவை கொண்டது. பேசுபவர் மைக்கைப் பிடிக்க, கேட்பவர் காதில் மாட்டிக்கொள்கிறார். இருவர் அமர்ந்து பேசுவதற்கு ஏற்றது. சங்க அலுவலகத்தில் கடன் பத்திரத்தைப் படித்துக் காட்டவும், மருத்துவரிடம் பேசவும் இதுவே போதும். யாவற்றிலும் எளியது, விலையும் குறைவு.

2. கம்பி வளையம்: மண்டபத்தைச் சுற்றித் தரையோரமாக ஒரு செம்புக் கம்பியைப் பதித்து, மைக்கிலிருந்து வரும் மின்னோட்டத்தை உரிய பெருக்கி வழியாக அதில் செலுத்தினால், வளையத்தினுள் காந்தப் புலம் எழுகின்றது. காதொலிக் கருவியினுள் உள்ள ‘டி’ சுருள் அக்காந்தப் புலத்தை வாங்கி மீண்டும் ஒலியாக்குகின்றது. அணிந்தவர் தம் கருவியை ‘டி’ நிலைக்கு மாற்றினால் மண்டபத்து இரைச்சல் அடங்கி, மேடைச் சொல் மட்டும் காதினுள் ஒலிக்கும். இம்முறைக்கு 1937-இல் இங்கிலாந்தில் சோசப் பாலியகாஃப் என்பவர் காப்புரிமை பெற்றார். அந்நாட்டில் தேவாலயங்களிலும், இரயில் நிலையங்களிலும், வங்கி முகப்புகளிலும் காதும் ‘டி’ எழுத்தும் பொறித்த பலகையை இன்றும் காணலாம். இதன் சிறப்பு, எத்தனை பேர் வந்தாலும் தனித்தனிக் கருவி வழங்க வேண்டாமை. குறை, கட்டடத்து இரும்புக் கம்பிகள் காந்தப் புலத்தை மெலியச் செய்தலும், அருகிலுள்ள மின்கம்பிகள் முணுமுணுப்பை உண்டாக்குதலும். ஆகவே அறிந்தவரைக் கொண்டு அளந்து அமைக்க வேண்டும். எல்லாக் காதொலிக் கருவிகளிலும் ‘டி’ சுருள் இருப்பதில்லை. வாங்கும்போதே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

3. வானொலி முறை: பேசுபவர் சட்டையில் செருகிய சிறு மைக், வானொலி அலையாகச் சொல்லை அனுப்பும். கேட்பவர் வாங்கும் பெட்டியின் வழி கேட்பார். காது கேளாத பிள்ளைகளின் வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது இதுவே. கம்பி பதிக்க வேண்டியதில்லை. ஊர் ஊராக எடுத்துச் செல்லலாம். திறந்த வெளிக் கூட்டத்திற்கும் ஏற்றது.

4. அகச்சிவப்புக் கதிர் முறை: கண்ணுக்குத் தெரியாத ஒளியின் வழி சொல்லை அனுப்புவது. சுவரைத் தாண்டிச் செல்லாததால் மறைவாகப் பேச வேண்டிய அறைகளுக்கு ஏற்றது. வெயிலில் பயன்படாது.

5. புளூடூத் ஒலிபரப்பு: ஒரு கருவியிலிருந்து அருகிலுள்ள பல காதொலிக் கருவிகளுக்கு ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் புதிய முறை. 2022-ஆம் ஆண்டில் ‘ஆராகாஸ்ட்’ என்னும் பெயரில் அறிவிக்கப்பட்டது. இதனை ஏற்கும் கருவிகள் மெல்ல மெல்லப் பரவி வருகின்றன.

6. சொல்லை எழுத்தாக்குதல்: கூகிள் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்னும் செயலி, பேசுவதைக் கேட்டுக் கைப்பேசித் திரையில் எழுத்தாகக் காட்டுகின்றது; தமிழிலும் காட்டும். கட்டணம் இல்லை. பேசுபவர் அருகே கைப்பேசி இருந்தால் பிழை குறையும். ஆயினும் ஊர்ப் பெயர்களிலும் தொகைகளிலும் தவறலாம். பணத் தொகையை எப்போதும் கையால் எழுதிக் காட்டுதலே முறை.

இவையன்றி, வாசல் மணி அடித்தால் விளக்கு மின்னுவது, தலையணைக்கடியில் அதிர்ந்து எழுப்பும் கடிகாரம் முதலிய அறிவிப்புக் கருவிகளும் உண்டு. பிறவியிலேயே கேளாதவர்களாய்ச் சைகை மொழியையே தாய்மொழி போல் கொண்டவர்களுக்கு மேற்சொன்ன ஒலிக் கருவிகள் பெரிதும் பயன்படா. அத்தகைய அங்கத்தினர் இருப்பின் சைகை மொழி பெயர்ப்பாளரை அழைப்பதே அவர்க்குச் செய்யும் நீதி.

அரசு தரும் உதவி

நம் நாட்டில் இத்துறைக்கென மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965-இல் தோன்றியது. செவித்திறன் வல்லுநர்களைப் பயிற்றுவிப்பதில் அது முன்னோடி. உடற்குறையுடையோர்க்கு உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981-இல் தொடங்கியது. தமிழக அரசும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களின் வாயிலாகக் காதொலிக் கருவிகள் வழங்கி வருகின்றது. கேளாமல் பிறந்த சிறு குழந்தைகளுக்கு உட்செவியில் மின்முனை பதிக்கும் அறுவை மருத்துவம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். இதில் காலந்தாழ்த்தலாகாது, பேச்சைக் கற்கும் பருவம் கடந்தபின் பயன் மிகவும் குறையும்.

நம் மாவட்டத்தார் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டலாம். கருவிக்கான விண்ணப்பத்தை, மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் கொண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். எழுத அறியாத அங்கத்தினருக்கு விண்ணப்பம் எழுதித் தருவது சங்க அலுவலரின் கடமை எனக் கொள்வோமாக.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குரிய சுருதிகளில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைக் காது மந்தமானவர் என்றும், 70 டெசிபல் இழந்தவரைக் கேளாதவர் என்றும் வரையறுக்கின்றது. ஆனால் 40 டெசிபல் இழந்தவரும் மண்டபத்தின் கடைசி வரிசையில் தீர்மானத்தைப் பின்பற்ற இயலாது. அவருக்குச் சான்றிதழ் கிடைக்காது, குறையோ இருக்கின்றது. ஆதலால் நம் சங்கக் கூட்டங்களில் கருவி தரும்போது எவரிடமும் சான்றிதழ் கேட்கலாகாது. “எனக்குச் சரியாகக் கேட்கவில்லை” என்று அவர் சொல்வதே போதிய சான்று.

இருக்கும் செவியைக் காத்தல்

கைத்தறியின் ஓசையைக் காட்டிலும் விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் மிகப் பெரிது. அது 90 டெசிபலைத் தாண்டுவது இயல்பு. உழவர்களுக்குக் கதிரடிக்கும் இயந்திரம், டிராக்டர், டீசல் எஞ்சின் ஆகியவற்றாலும் இதே கேடு நேர்கின்றது. 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தல் ஆகாது என்பதும், இரைச்சல் 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பதும் அமெரிக்க நாட்டுத் தொழில் நல நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரமே. அளக்கும் கருவி இல்லாதார்க்கு எளிய சோதனை ஒன்று: கை நீட்டினால் தொடும் தொலைவில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் அவ்விடம் காதுக்கு ஆகாது. காதடைப்பான் மிகச் சிறிய செலவு. பஞ்சைத் திணிப்பது அதற்கு ஈடாகாது.

சங்கம் செய்யத்தக்கவை

இனி, பேரவைக் கூட்டத்தில் நாம் செய்யக்கூடியவற்றைத் தொகுத்துரைப்போம். முதல் நான்குக்கும் காசு தேவையில்லை.

முதலாவது, காது மந்தமானவர்களை முன்வரிசையில் அமர்த்துதல். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். உதட்டசைவும் ஒரு மொழியே.

இரண்டாவது, மைக்கில்லாமல் எவரும் பேசாதிருத்தல். கூட்டத்திலிருந்து எழும் வினாவைத் தலைவர் மைக்கில் திருப்பிச் சொல்லிய பின்னரே விடை கூறுதல்.

மூன்றாவது, ஒவ்வொரு தீர்மானத்தையும், அதிலுள்ள தொகையையும், வாக்கெடுப்புக்கு முன் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுதல்.

நான்காவது, கை உயர்த்தச் சொல்லுமுன், “எல்லோர்க்கும் விளங்கிற்றா?” என்று கேட்டுச் சற்றே பொறுத்தல்.

ஐந்தாவது, வானொலி முறை மைக் ஒன்றும் வாங்கும் பெட்டிகள் சிலவும் கொண்ட தொகுதி ஒன்றைச் சங்கப் பொதுநிதியிலிருந்து வாங்குதல். தனிச் சங்கத்திற்கு இயலாதாயின் அண்டைச் சங்கங்கள் கூடி ஒன்று வாங்கி, கூட்ட நாட்களை மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளலாம். தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்குத்தானே கூட்டுறவு என்று பெயர்!

ஆறாவது, புதுக் கட்டடம் எழுப்பும் சங்கங்கள் தரை போடுமுன் கம்பி வளையத்தைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்டல். பின்னர்த் தரையை உடைத்துப் பதிப்பதைவிட முன்னரே பதிப்பது எளிது.

ஏழாவது, ஆண்டுக்கொருமுறை அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் செவித்திறன் சோதனை முகாம் நடத்துதல். மார்ச் 3 உலகச் செவிநல நாள். அந்நாளையே இதற்குக் குறிக்கலாம்.

காது கேளாதவர் மெல்ல மெல்லக் கூட்டத்திற்கு வருவதை நிறுத்திவிடுகிறார். பிறகு வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். நடுவயதில் வரும் கேளாமையைக் கவனியாது விடுவது பிற்காலத்தில் மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று என்று ‘லான்செட்’ மருத்துவ ஏட்டின் ஆய்வுக் குழு 2017, 2020, 2024-ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து எடுத்துரைத்துள்ளது. அந்த நெசவாளப் பெரியவரின் காலி இடத்தை நாம் பார்த்திருக்கிறோம். அவர் வராமையை முதுமையின் தளர்ச்சி என்று எண்ணிக்கொண்டோம். அவர் தளரவில்லை, அவர் அமர்ந்திருந்த இடத்திற்கு நம் சொல்தான் போய்ச் சேரவில்லை.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. காதொலிக் கருவி அணிந்தவர் வீட்டில் நன்கு கேட்டும் மண்டபத்தில் கேளாதிருப்பது ஏன்? மலைத் தீபத்தின் உவமை கொண்டு விளக்குக.

2. உரக்கக் கத்துவதால் காது மந்தமானவர்க்குச் சொல் தெளிவாகாதது ஏன்?

3. நம் சங்கக் கூட்டம் நடக்கும் இடத்திற்குக் கம்பி வளையம் ஏற்றதா, வானொலி முறை ஏற்றதா? காரணம் கூறுக.

4. சான்றிதழ் கேட்காமல் கருவி வழங்குவது ஏன் தேவை?

5. சென்ற பேரவைக் கூட்டத்திற்கு வாராத மூத்த அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் ஒவ்வொருவரையும் வீட்டில் சென்று கண்டு, அருகே அமர்ந்து, வாராமைக்குக் காரணம் கேட்டு அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க.